ஏரோப்ளேன் சாமியின் மீதிப் பேச்சு

முதலில் என் கையெழுத்துக்காக என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுருட்டாமல் போட்ட வயர் மாதிரி இருக்கும். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். எந்த ரகரம் எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயம் கிடையாது. மைக் செட் கடைச் சுவரில் தொங்கும் சிலேட்டில் இடம், நேரம், எத்தனை குழாய் ஸ்பீக்கர் என்று எழுதியதைத் தவிர இத்தனை வருஷத்தில் நான் வேறொன்றும் எழுதியதில்லை. கடைப் பிள்ளைகள் உங்கள் நாலு பேரில் இரண்டு பேருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிழை இருக்கும் இடத்தில் திருத்தி வாசியுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

போன மாதம் நான் கடையை விட்டு நின்றபோது சாயாவும் பழம்பொரியும் வாங்கிவைத்து, என் கையில் மைக்கைக் கொடுத்து, "அண்ணா, ரெண்டு வார்த்தை பறயணும்" என்று சொன்னீர்கள். நான் அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். வாயால் சொல்ல முடியாததைத்தான் எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் மைக்கின் பக்கத்தில் நின்றவன், அதில் பேசியது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் இது. ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் வால்வு எப்படி மாற்றுவது, குழாயை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எனக்கு வேலை காட்டித்தந்தவர் கடையின் பழைய மேஸ்திரி. அவர் முதல் நாளே சொன்னது, மைக் செட்காரன் மைக்கில் பேசக்கூடாது என்பது. சரிபார்க்க வேண்டுமென்றால் விரலால் தட்டிப் பார்த்தால் போதும். ஹலோ ஹலோ என்று சொல்லிப் பழகினால் ஒருநாள் நீயும் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுவாய் என்றார். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு அதைக் கேட்கப் பரம சுகமாக இருந்தது. அன்றிலிருந்து நான் தட்டுவதோடு சரி.

அவர் சொல்லித்தந்த இன்னொரு விஷயம் துண்டு. இப்போது அந்த வழக்கம் குறைந்துவிட்டது. அப்போதெல்லாம் நம் கொச்சி மட்டாஞ்சேரியில் கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் ஓர் ஏற்பாடு உண்டு. பேசுகிறவர் பெரிய மனிதராக இருப்பார், நேரம் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார், நிறுத்துங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அப்போது மேடையில் இருக்கும் செயலாளர் தன் இடது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வலது தோளில் போடுவார். நாங்கள் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு வயரை இளக்குவோம். குழாய் ஒருமுறை கரகரத்துவிட்டு அடங்கும். நான் ஓடிப்போய்க் குனிந்து வயரைத் தடவிப் பார்ப்பேன். அதற்குள் செயலாளர் எழுந்து, மைக் கேடாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று நன்றி சொல்லி முடித்துவிடுவார். பேசியவர் என்னை முறைத்துவிட்டு இறங்குவார். யாருக்கும் யார் மேலும் வருத்தமிருக்காது. எத்தனையோ வக்கீல்களையும் கவுன்சிலர்களையும் நான் இப்படி இறக்கியிருக்கிறேன். கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கேரளம் என்று மாநிலம் ஒன்றாகச் சேர்ந்ததற்கு அடுத்த வருஷம், துலா மாதத்து மழைக்காலம். பஜாருக்குப் பக்கத்தில் இருந்த வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு எங்கள் கடைக்குச் சொல்லியிருந்தார்கள். பேச வருவதாக இருந்த கல்லூரி ஆசிரியர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். அவருக்குப் பதிலாக ஏரோப்ளேன் சாமியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவரை உங்களுக்குத் தெரியாது. பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசும் பிராமணர், மட்டாஞ்சேரியில் ஒரு கம்பெனியில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில், முதல் உலகச் சண்டையின்போது, பட்டாளத்துக் குமாஸ்தாவாக இராக்கில் பஸ்ரா வரை போனவர். அங்கே ஏரோப்ளேன்கள் இருந்த முகாமில் டைப் அடித்திருக்கிறார். திரும்பி வந்ததும் ஒரு பிடிவாதத்தோடு வந்தார். பறக்கிறவர்கள் தரைப்படைக்கும் கப்பல்படைக்கும் கீழே கைகட்டி நிற்கக்கூடாது, ஆகாயத்துக்குத் தனிப்படை வேண்டும், அதற்கு அதன் ஆளே தலைவனாக இருக்க வேண்டும், நம் நாட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது. இங்கே யாரும் ஏரோப்ளேனைக் கண்ணால்கூடப் பார்க்காத காலத்தில் அவர் அதை மனுவாக டைப் அடித்து டில்லிக்கும் லண்டனுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தாராம். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. பிற்பாடு நம் நாட்டுக்கும் தனி ஆகாயப்படை வந்துவிட்டது. எதிரே தீவில் இருக்கும் விமான நிலையத்தில் இறங்குவதற்காக ஒரு விமானம் தாழப் பறந்தால், "சாமீ, உங்காளு போறாரு" என்று பஜாரில் யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள். அவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு நடப்பார்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். முதலாளியைப் பார்க்க வந்தார் என்று நினைத்து நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை. நேராக என்னிடம் வந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"என் தொண்டை சின்னதாக்கும். இது அதைப் பெரிசாக்குமோ?"

ஆக்கும் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"முப்பது வருஷமா ஏறின மேடையிலெல்லாம் மூணாவது பெஞ்சுக்கு அந்தாண்ட ஒருத்தருக்கும் கேட்டதில்லை. கேட்டுட்டுச் சிரிச்சா சாரமில்லை, போகட்டும். கேக்காமயே சிரிக்கறா. ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் கேக்கட்டும். அப்புறம் சிரிக்கட்டும்."

கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி இரண்டாவது குழாயை உள்ளே திருப்பிக் கட்டுகிறேன் என்றேன். அவர் கை கூப்பினார். வயதில் மூத்தவர் ஒரு மைக் செட்காரனுக்குக் கை கூப்பி நான் பார்த்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் நல்ல கூட்டம். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் ஒதுங்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மிளகுக் கோடவுனில் மூட்டைச் சுமடு எடுக்கிறவர்கள் பின்பக்கம் சாக்கைத் தலையில் போட்டபடி நின்றார்கள். சாமி பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினார், நான் தமிழிலேயே எழுதுகிறேன். எடுத்ததும் சிரிப்புதான். சுமட்டுக்காரர்களில் மீசைக்காரர் ஒருவர், கேலியில் யாரையும் விடமாட்டார், "சாமீ, இது கப்பல்காரன் ஊராக்கும்" என்றார். இன்னொருவர், கேட்ட படைதான் கிடைத்துவிட்டதே, இனி எதற்குப் பிரசங்கம் என்றார். அதற்குச் சாமி, கிடைத்தது எதற்காக என்று மறந்துபோனால் யாராவது ஒருநாள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வான், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள் என்றாராம்.

என்றாராம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் நான் கேட்கவில்லை. குழாய் இரைகிறதா, சத்தம் சரியாகப் போகிறதா என்பதைத்தான் என் காது கேட்டுக்கொண்டிருந்தது. கண் செயலாளரின் துண்டில் இருந்தது. செயலாளர் ஒரு மலையாளி, நல்ல மனிதர், நாங்கள் செக்ரட்டரிச் சேட்டன் என்போம். விழாவுக்கு முன்னால் அவர் என்னிடம், சாமி இழுத்துக்கொண்டே போவார், பின்னால் பாட்டு இருக்கிறது, துண்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவைத்திருந்தார்.

அங்கே நடந்ததைப் பிறகு பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சாமி பஸ்ரா கதைக்கு வந்துவிட்டார். ஒருநாள் காலை தரைப்படை அதிகாரி ஒருவர், ஆற்றில் வரவேண்டிய சாமான் படகு எங்கே நிற்கிறது என்று பார்த்துவர ஒரு ஏரோப்ளேனை அனுப்பச் சொன்னார். அவர் ஒருநாளும் ஏரோப்ளேனில் ஏறியவர் இல்லை. பறக்க வேண்டியவர் மண்காற்று வரப்போகிறது என்றார். ஒட்டகம் போகிறது, குதிரை போகிறது, இது மட்டும் போகாதா என்று அதிகாரி கேட்டார். உத்தரவை டைப் அடித்தது சாமி. பறப்பவரும் கூட ஒரு மெக்கானிக்கும் ஏறினார்கள். சாமி கூடார வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே ஆகாயம் செங்கல் நிறமாக மாறியது.

இந்த இடத்தில் வாசகசாலை முழுக்க அமைதியாகிவிட்டதாம். மழைச் சத்தம் மட்டும்தான். மீசைக்காரரே சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு நின்றாராம். காது உள்ள எவனும் அந்த அமைதியைக் கேட்டிருப்பான்.

செயலாளர் துண்டை இடது தோளிலிருந்து எடுத்து வலது தோளில் போட்டார். நான் வயரை இளக்கினேன்.

குழாய் கரகரத்து அடங்கியது. சாமியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. மூன்றாவது பெஞ்சுக்கு இப்பால் ஒன்றும் வரவில்லை. அவர் மைக்கைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து மீசைக்காரர், "பெட்ரோள் தீர்ந்நோ சாமீ?" என்று கேட்டார். அவர் பழக்கதோஷத்தில் கேட்டது அது. ஆனால் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்துவிட்டார்கள். சாமி தன் காகிதங்களை நாலாக மடித்தார்.

நான் செயலாளரைப் பார்த்தேன். வழக்கப்படி அவர் எழுந்து நன்றி சொல்ல வேண்டும். அவர் எழவில்லை. என்னைப் பார்த்துக் கையை விரித்தார், என்ன ஆச்சு என்பதுபோல. அப்போதுதான் பார்த்தேன், அவருக்கு மேலே ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. இடது தோள் நனைந்திருந்தது. துண்டு நனையாமலிருக்க அவர் அதை மாற்றிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

வயரைத் திரும்ப மாட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. மாட்டிவிட்டு, தப்பு என்னுடையது, பேசுங்கள் சாமி என்று சொன்னால் போதும். அது என் வாயில் வரவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். நான் மாட்டியபோது சாமி படி இறங்கிவிட்டார். செயலாளர் கோபமாக என்னிடம் வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் சாமி குறுக்கே வந்து, "அவனை ஒண்ணும் சொல்லாதேயும். மழையோல்லியோ, வயர் நனைஞ்சிருக்கும். சாரமில்லை" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். பாட்டு ஆரம்பமாயிற்று. அன்று மைக் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரே அறை, ஜன்னலைத் திறந்தால் காயலும் அக்கரையில் வைப்பின் தீவும் தெரியும். வாசலிலேயே நின்று, சாமி, வயர் நனையவில்லை, நிறுத்தியது நான்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். துண்டு வழக்கத்தையும் சொன்னேன். கடை ரகசியத்தை வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. ஓட்டில் ஒழுகியதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அப்போ நிறுத்தச் சொல்லி ஒருத்தரும் சொல்லலையா?"

"இல்ல சாமி. மழைத்தண்ணி பண்ணின வேலை. அதப் பாத்து ஏமாந்தது நான்."

"வயர் நனையலைன்னு எனக்கு நேத்தே தெரியும். முப்பது வருஷமா என்னை நிறுத்தறவாளைப் பாக்கறேன். கேக்கறவாளுக்கு மடுத்துப்போச்சு, அலுத்துப்போச்சு, செக்ரட்டரி பொறுமை போய் நிறுத்தச் சொல்லிட்டார்னு நெனைச்சேன். நீ உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சவன், உன்னை எதுக்கு மாட்டிவிடணும்னுதான் மழை மேல போட்டேன்." பிறகு, "அவாளுக்கு மடுக்கலை, இல்லையா?" என்றார்.

அவர் முகம் மாறியதை எனக்கு எழுதத் தெரியவில்லை. என் தப்பைக் கேட்டு ஒரு மனிதர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய் அவரே காப்பி கலந்து கொண்டுவந்தார். குடிக்கும்போது நான், மீதியை நீங்கள் பேச வேண்டும், செட்டை நான் கொண்டுவருகிறேன் என்றேன். இன்னொரு தடவை யார் என்னைக் கூப்பிடப்போகிறார்கள் என்று அவர் சிரித்தார்.

கூப்பிட வைத்தது பஜார். எனக்கு அதில் பங்கில்லை. ஏரோப்ளேனில் ஏறிய அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. சாயாக்கடையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. இரண்டு பேரும் செத்துப்போனார்கள் என்று ஒரு கட்சி, தப்பித்திருப்பார்கள் என்று இன்னொரு கட்சி, தோற்றவர் சாயா வாங்கித்தர வேண்டும். சாமியைக் கேட்டால், அதைச் சொல்ல வேண்டிய இடம் மேடைதான் என்று நடந்துவிடுவார். மீசைக்காரர் என்னை வழியில் நிறுத்தி, "எடோ, உன் மைக் கேடு வர வேற நேரம் கிட்டலையா?" என்று கேட்டார். அவர் தப்பித்தார்கள் கட்சி.

செக்ரட்டரிச் சேட்டனிடமும் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் தன் துண்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசகசாலை மாடியைத் தருகிறேன் என்றார். ஆனால் ஒன்று சொன்னார். வாசகசாலையின் பெயரில் இரண்டாம் தடவை அதே ஆளை அழைத்தால் கமிட்டியில் கேள்வி வரும். அதனால் நோட்டீஸ் கிடையாது, அறிவிப்பு கிடையாது. "நிறுத்தினது நீயல்லோ, ஆளை நீதன்னே விளிச்சுக்கோ" என்றார், கூட்டத்தை நானே கூப்பிட்டுக்கொள்ள வேண்டுமாம்.

முதலாளியிடம் செட்டைக் கேட்டேன். எடுத்துக்கொண்டு போ, ஆனால் துண்டு சமாசாரம் வெளியே தெரிந்தால் எந்தச் செயலாளரும் நம்மைக் கூப்பிட மாட்டார் என்றார். அவர் பயமும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் குழாயைப் பஜார் பக்கம் திருப்பிக் கட்டினேன். பாட்டு இசைத்தட்டு ஒன்று போட்டேன். நாலு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சாமி வேஷ்டி, அங்கவஸ்திரத்தோடு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், மடித்த காகிதங்களைத் தொடையில் வைத்துக்கொண்டு. அவரையும் என்னையும் செக்ரட்டரிச் சேட்டனையும் தவிர யாருமில்லை. வேறு யாராவது அறிவிப்பார்களா என்று சுற்றிப் பார்த்தேன். மைக்கை விரலால் தட்டினேன். பஜார் முழுக்க டொக் டொக் என்று கேட்டது. திரும்பவும் தட்டினேன். மேஸ்திரி சொன்னது நினைவுக்கு வந்தது, ஆனால் அவர் சொன்னதைச் சாக்காக வைத்து எத்தனை வருஷம் ஒளிந்திருக்கிறேன் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். சொன்னது எனக்கு எழுத்துத் தவறாமல் ஞாபகமிருக்கிறது.

"நான் மைக் செட்காரனாக்கும் பேசறது. அன்னைக்கு மைக் கேடாகல. தப்பா நிறுத்தினது நான். சாமி பேச்சு பாதியில நிக்குது. மீதி இப்ப. வரணும்."

என் குரல் குழாயில் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மாடிப்படியில் சத்தம் கேட்டது. முதலில் வந்தவர் மீசைக்காரர். பின்னால் சாயாக்கடையின் இரண்டு கட்சியும். பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள்.

அன்று நான் துண்டைப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்தேன், கேட்டேன்.

பறந்தவர் நாலாம் நாள் ஓர் ஒட்டகத்தின் மேல் வந்து சேர்ந்தார், உதடு வெடித்து, கண் திறக்க முடியாமல். மெக்கானிக் வரவில்லை. மணலில் இரண்டு நாள் நடந்தபின் அவரை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. மாடியில் ஒருவரும் சாயாவைப் பற்றிப் பேசவில்லை. பறந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் டைப் அடிக்கும் கூடாரத்துக்கு வந்து இரண்டு காகிதங்களைக் கேட்டாராம். ஒன்று அந்த உத்தரவு. இன்னொன்று, அன்று காலையில் காற்று நிலவரம் பார்த்து முகாமுக்கு வந்த தகவல்.

அந்த இடத்தில் சாமி காகிதத்தைப் பார்க்காமல் பேசினார். "அந்தத் தகவலையும் நான்தான் அடிச்சேன். மண்காத்து வரும்னு அதுல இருந்தது. ரெண்டு காகிதமும் ஒரே மேஜையில, ஒண்ணு மேல ஒண்ணு இருந்தது. ரெண்டையும் படிச்சவன் நான் ஒருத்தன். நான் உத்தரவை ஒரு பிழையில்லாம அடிச்சுக் கொடுத்தேன். உத்தரவு போட்டவருக்கு அந்தத் தகவலைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவருக்கு உத்தரவு போட அதிகாரமில்லை. அவ்வளவுதான் என் கட்சி. நாப்பது வருஷமா நான் அடிச்ச மனுவிலெல்லாம் இது ஒண்ணுதான் இருந்தது."

பறந்தவர் இரண்டு காகிதத்தையும் ஒன்றாகக் குத்தி, மேலே வைக்க ஒரு கடிதம் சொன்னார், சாமி அடித்தார். ஆகாயத்தை அறிந்தவனிடம் ஆகாயத்தின் உத்தரவு இருக்கட்டும் என்பது அந்தக் கடிதம். அதற்குப் பதில் வரவில்லை. பறந்தவர் ஊருக்குப் போய்விட்டார். பிறகு கடிதங்களைச் சாமியே எழுத ஆரம்பித்தார். தனிப்படை பிற்பாடு வந்தது தன் மனுவால் அல்ல, பெரிய இடங்களில் பெரியவர்கள் வாதாடியதால்தான் என்று அவரே சொன்னார். "நான் அடிச்சதை யாராவது படிச்சாளோ என்னமோ. ஆனா அந்த மெக்கானிக்குக் கடன்பட்டவன் ஒருத்தன் மட்டாஞ்சேரியில இருந்து சொல்லிண்டே இருந்தான்னு இருக்கட்டும்."

மீசைக்காரர் எழுந்து நின்றார். ஏதோ கேலி வரப்போகிறது என்று என் கை சத்தம் குறைக்கும் திருகுக்குப் போயிற்று. அவர், "சாமீ, ஆ மெக்கானிக் எவ்விடத்துக்காரன்?" என்று மட்டும் கேட்டார். ஊர் தெரியாது, பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுப்பான் என்றார் சாமி. மீசைக்காரர் உட்கார்ந்தார்.

பிள்ளைகளே, நான் படித்தவனில்லை, படையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டது என் வேலையைப் பற்றியும்தான் என்று எனக்குத் தோன்றியது. என் மேஜையிலும் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று துண்டு, ஒன்று கூட்டத்தின் அமைதி. நான் ஒன்றைத்தான் படித்தேன். கூட்டம் கேட்கிறதா இல்லையா என்பது மேடையில் இருக்கிறவரைவிட மைக் செட்காரனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகும் நான் வயரை இளக்கியதுண்டு, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சைகை கண்டதும் இளக்கியதில்லை. முதலில் கூட்டத்துக்குக் காது கொடுப்பேன். இருமலும் பெஞ்சு நகரும் சத்தமும் கேட்டால் சரி. அமைதியாக இருந்தால், எந்தத் துண்டு எந்தத் தோளுக்குப் போனாலும் என் கை அசையாது. இதனால் இரண்டு செயலாளர்கள் கடையை மாற்றிக்கொண்டார்கள். முதலாளி முணுமுணுத்தார், ஆனால் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்கு அவருக்கும், அன்று மாடியைத் தந்த செக்ரட்டரிச் சேட்டனுக்கும், முதலில் படியேறிய மீசைக்காரருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். இப்போது என் காது மந்தமாகிவிட்டது. அமைதியையும் மந்தத்தையும் பிரித்தறிய முடியாதவன் அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்காரக்கூடாது என்றுதான் நானாகவே நின்றேன்.

சாமி இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமானார். கடைசி வரை பஜாரில் விமானம் தாழப் பறந்தால் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதில் கேலி இருக்கவில்லை. அவர் போவதற்குக் கொஞ்சம் முன்னால் பாகிஸ்தானோடு சண்டை வந்து ரேடியோவில் ஆகாயப்படையைப் பற்றிச் செய்தி வந்த நாட்களில் சாயாக்கடையில் ரேடியோவுக்குப் பக்கத்து நாற்காலி அவருக்குத்தான்.

அன்றைய கூட்டத்தின் முடிவை எழுதி நிறுத்துகிறேன். சாமி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கூட்டம் இன்னும் ஏதோ வரும் என்று அசையாமல் இருந்தது. கமிட்டியில் கேள்வி வரும் என்பதால் நன்றி சொல்லவும் யாரும் எழவில்லை. சாமி கடைசி பெஞ்சைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். தன் இடது தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை மெதுவாக எடுத்து, உதறி, வலது தோளில் போட்டுக்கொண்டார்.

செக்ரட்டரிச் சேட்டன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேறு யாருக்கும் புரியவில்லை. நான் கூட்டத்துக்குக் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, சத்தத்தை மெல்லக் குறைத்தேன்.

மட்டாஞ்சேரி,
1967 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை.